சான்றிதழ் யார் பெயரில்?

வெள்ளவத்தையில் நான் சாப்பிட்ட முதல் காலைச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதத்தான் ஆசை. இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, சிவக்கச் சிவக்க இடித்த சம்பல். எங்கள் தேனிப் பக்கம் தேங்காய்ப்பாலில் சர்க்கரை போட்டு இடியாப்பத்தோடு கொடுப்பார்கள். இங்கே அதே பாலில் மஞ்சளையும் பச்சை மிளகாயையும் போட்டுவிடுகிறார்கள். வெட்கப்படாமல் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் அந்தக் கொழும்புப் பயணத்தை நினைத்தால் சொதியின் ருசிக்கு முன்னால் கோபம்தான் தொண்டைக்கு வருகிறது. அதனால் கோபத்தையே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் வசந்தா. சின்னமனூருக்குப் பக்கத்தில் வாழை போடுகிறேன். எங்கள் காய் துபாய்க்குப் போகிறது. ஒரு வாழைக்காய் கடல் தாண்டுவதற்கு முன்னால் என்னவெல்லாம் கேட்பார்கள் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. மருந்து வைக்கிற அறைக்குப் பூட்டு வேண்டும். காலி மருந்து டப்பாவைக் கழுவி ஓட்டை போட வேண்டும். மருந்தடித்த பிறகு இத்தனை நாள் கழித்துத்தான் வெட்டலாம் என்று கணக்கு இருக்கிறது. கிணற்றுத் தண்ணீருக்குச் சோதனை, காய்க்குச் சோதனை, வேலைக்கு வருகிறவர்களுக்குத் தோப்பிலேயே கழிப்பறை, கை கழுவக் குழாய், சோப்பு. முதல் தடவை ஆய்வுக்கு வந்தவர், பேக்கிங் கொட்டகைக்குள் எங்கள் நாய் வருமா என்று கேட்டார். "நாய் எங்க வராது?" என்று நான் திருப்பிக் கேட்டது இன்னும் எங்கள் ஊரில் சிரிப்புக் கதை.

இந்த விதிகள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. என் தோப்பில் களை எடுக்கிற பெண்களுக்கு ஒரு கழிப்பறை வந்தது இந்த விதியால்தான். நானாக யோசித்திருந்தால் இன்னும் பத்து வருஷம் ஆகியிருக்கும். என் கோபம் வேறு இடத்தில்.

இந்த விதிகளையெல்லாம் கடைப்பிடிக்கிறோம் என்று கொடுக்கிற சான்றிதழைத் தனித்தனியாக வாங்கினால் சின்ன விவசாயிக்குத் தாங்காது. கூட்டமாகச் சேர்ந்து வாங்கலாம். அந்தக் கூட்டுச் சான்றிதழ் விவசாயிகளின் சங்கத்தின் பெயரில் இருக்கலாம், வாங்கி ஏற்றுமதி செய்கிற கம்பெனியின் பெயரிலும் இருக்கலாம். இரண்டையும் விதி ஒத்துக்கொள்கிறது. எங்களுக்கு முதலில் ஒரு ஏற்றுமதிக்காரர் பெயரில் இருந்தது. ஒரு பருவம் அவர் திடீரென்று வாங்குவதை நிறுத்தினார். வேறு ஆள் வாசலில் வந்து நின்றும் எங்களால் விற்க முடியவில்லை. பூட்டும் எங்களுடையது, கழிப்பறையும் எங்களுடையது, சான்றிதழ் அவருடையது. தார் தாராக மாட்டுக்குப் போட்டோம். அதற்குப் பிறகுதான் சண்டை போட்டு, சங்கம் வைத்து, எங்கள் பெயரிலேயே வாங்கினோம்.

இந்தக் கதையைச் சொல்லத்தான் கொழும்பில் பழம் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனி என்னைக் கூப்பிடுகிறது என்று நம்பி விமானம் ஏறினேன்.

விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப் போனவர் நிரோஷன். கம்பெனியில் விவசாயிகளைக் கவனிக்கிற மேலாளர். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியவர். நல்ல மரியாதை. வேன் ஓட்டியவரிடம் சிங்களம், போனில் ஆங்கிலம், என்னிடம் தமிழ். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மூச்சு வாங்காமல் தாவினார்.

"மேடம், சிம்பிளா சொல்லுங்கோ. ஒரு டென் மினிட்ஸ் போதும். வடக்கிலயிருந்து வாற ஃபார்மர்ஸ், அவங்களுக்குப் பயம். இந்தியாவில ஒரு லேடி செய்திருக்கிறா எண்டு பார்த்தா நம்பிக்கை வரும்."

"நடந்ததச் சொல்றேன் தம்பி," என்றேன்.

"ஓம் ஓம், அதுதான் வேணும்."

வெள்ளவத்தையில் கடலுக்குப் போகிற சந்து ஒன்றில் விடுதி. மாலையில் நடந்து பார்த்தேன். காலி வீதியில் கடை கடையாகத் தமிழ்ப் பலகை. சேலைக் கடை, நகைக் கடை, சைவச் சாப்பாட்டுக் கடை. கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ரயில் ஓடுகிறது. அலை அடித்தால் தண்டவாளம் நனைந்துவிடும்போல இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த இடம் கிடைத்தால் தண்டவாளத்திலேயே மிளகாய் காயப்போடுவார்கள்.

பழக்கடைகளையும் விடவில்லை. கோழிக்கூடு, கதலி, புளி வாழை என்று குலை குலையாகத் தொங்கின. நாங்கள் தார் என்பதை இவர்கள் குலை என்கிறார்கள். நான் போடுகிற நீள வாழை ஒரு கடையில்கூட இல்லை. அது அப்போது எனக்கு ஒரு செய்தியாகப் படவில்லை.

மறுநாள் காலை, கொட்டாஞ்சேனையில் இருக்கிற கம்பெனிக்கு என்னை அழைத்துப்போக வரவேண்டிய வேன் வரவில்லை. நிரோஷன் போனில், "டிரைவருக்குச் சுகமில்லை மேடம், ஒரு ஓட்டோ பிடிச்சு வந்திடுங்கோ" என்றார். நான் வீம்புக்காரி. பஸ்ஸில் போகிறேன் என்று காலி வீதிக்கு வந்து, வந்து நின்ற முதல் பஸ்ஸில் "கொட்டாஞ்சேனை போகுமா?" என்று கேட்டேன். நடத்துநர் தலையை ஆட்டினார். இங்கே தலையை ஆட்டுவதில் ஆமாம் எது, இல்லை எது, சும்மா ஏறு என்பது எது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பஸ் என்னைப் பொரளையில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

நாலு பக்கமும் வாகனம். எதிரில் ஆஸ்பத்திரிக்குப் போகிற கூட்டம். வெயிலில் நின்று விழித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆட்டோக்காரர் என் சேலைக் கட்டைப் பார்த்துவிட்டு, "இந்தியாவா அம்மா? எங்க போகணும்?" என்றார். செல்வராஜ் என்று பெயர். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இப்போது கொட்டாஞ்சேனையில் குடியிருக்கிறார். பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு மாதிரியே இருந்தது. கம்பெனியின் பெயரைச் சொன்னேன்.

"அந்தப் பழக் கம்பெனியா? தெரியுமே. அங்கதான் லொறி வந்து நிக்கும். சில நாளு எறக்குவாங்க, சில நாளு எறக்க மாட்டாங்க. அந்த ஆளுங்க ரோட்டுல ஒக்காந்திருப்பாங்க, பாவம்."

"ஏன் இறக்க மாட்டாங்க?"

"அது யாருக்கும்மா தெரியும்?" மருதானை நெரிசலில் ஆட்டோவை வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டே சொன்னார். "கேட்டா சாமான் சரியில்லன்னுவாங்க. மறுநாள் அதே சாமானத்த எறக்குவாங்க."

கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரிகிற ஒரு தெருவில் கம்பெனி இருந்தது. கீழே குளிர் அறையும் பெட்டி கட்டுகிற இடமும். மேலே கூட்ட அறை. வாசலில் ஒரு லொறி, வாழைச் சீப்புகள் அடுக்கிய பிளாஸ்டிக் கூடைகளோடு, தார்ப்பாய் மூடி நின்றது. கிளிநொச்சியிலிருந்து வந்தது என்றார்கள். ஒரு கூடையின் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். சுத்தமான காய். பால் கறை இல்லை, உரசல் இல்லை. எங்கள் கொட்டகையில் இதை ஒரே பார்வையில் பெட்டிக்கு அனுப்பியிருப்போம்.

"நல்லா இருக்கே. யாருது?"

"என்ரைதான். ஏன், வாங்கப் போறியளோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

யோகேஸ்வரி. எல்லாரும் யோகா என்று கூப்பிட்டார்கள். நாற்பதைத் தாண்டியவள், உயரம், கையில் வாழைக்கறை. கிளிநொச்சிப் பக்கம் வாழை போடுகிறாள். மற்ற விவசாயிகளோடு முதல் நாள் பஸ் ஏறி, விடிய வந்து இறங்கியிருக்கிறாள். எல்லார் கண்ணும் சிவந்திருந்தது. காலையிலிருந்து பால் சேர்க்காத ஒரு பிளேன்டீயும், மீன் அடைத்த பன், அதாவது ஒரு மீன் பணிஸும் கொடுத்திருந்தார்கள். பரமநாதன் என்று ஒரு பெரியவர், சைவம். மீன் பணிஸைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் ஆரம்பித்தது. அறையில் உட்கார்ந்திருந்த அத்தனை விவசாயிகளும் தமிழர்கள். திரையில் ஒரு தமிழ் எழுத்து இல்லை. கம்பெனி இயக்குநர் ஆங்கிலத்தில் பேசினார், நடுநடுவே சிங்களத்தில். நிரோஷன் ஐந்து நிமிடப் பேச்சை ஒரு வரியில் தமிழாக்கினார். "சேர் சொல்றார், தரம் முக்கியமாம்." அவ்வளவுதான். பரமநாதன் அண்ணை தூங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

முன் வரிசையில் ஓர் அம்மாள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். தில்ருக்‌ஷி என்று அறிமுகப்படுத்தினார்கள். சான்றிதழ் கொடுக்கிற அமைப்பின் ஆய்வாளர். போன வருஷம் இவர்களுடைய தோட்டங்களைப் பார்த்துத் தேர்ச்சி கொடுத்தவர் அவர்தான்.

மதியம் சோற்றுப் பொதி வந்தது. பருப்பு, பலாக்காய்க் கறி, பொரித்த மிளகாய். யோகா என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"அக்கா, ஒண்டு கேக்கிறன். உங்களுக்குச் சான்றிதழ் இருக்கெண்டால், நீங்கள் ஆருக்கும் விக்கலாமோ?"

"யாருக்கும் விக்கலாம். எங்க சங்கத்து பேர்லதான இருக்கு."

அவள் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"நாங்களும் பூட்டுப் போட்டனாங்கள், கக்கூஸ் கட்டினனாங்கள், தண்ணி சோதிச்சனாங்கள். இருந்த கதலியைப் பிடுங்கிப்போட்டு இந்த நீள வாழையை வைச்சனாங்கள். 'உங்களுக்குச் சான்றிதழ் கிடைச்சிட்டுது' எண்டு இந்த நிரோஷன் தம்பி மாலை போட்டுப் படமும் எடுத்தவர். போன மாசம் மாலைதீவுக்கு அனுப்பிற ஒராள் கூட விலைக்குக் கேட்டு வந்தவர். சான்றிதழ் நம்பரைப் போட்டுப் பாத்திட்டு, 'இது உங்கடை இல்லை, கம்பெனியின்ரை' எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டார்."

"நிரோஷன்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டனாங்கள். 'எல்லா நாட்டிலயும் இப்பிடித்தான் அக்கா, இந்தியாவிலயிருந்து ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன், நீங்களே கேளுங்கோ' எண்டவர்."

அந்த ஆள் நான்.

உள்ளூரில் அந்த வாழையை யாரும் சீந்துவதில்லை என்றும் அவள்தான் சொன்னாள். கோழிக்கூடும் கதலியும் தின்று பழகிய ஊர். கம்பெனி வாங்காவிட்டால் இந்தக் காய்க்குப் போக்கிடம் கிடையாது. முதல் நாள் வெள்ளவத்தைக் கடைகளில் அதைக் காணாததன் அர்த்தம் அப்போதுதான் உறைத்தது. இவர்களைக் கட்டிப்போட கயிறே தேவையில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு, சான்றிதழ் கம்பெனி பெயரிலேயே இருக்கும் என்கிற புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கப் போகிறார்கள், ஐந்து வருஷத்துக்கு.

மீதிச் சோற்றோடு பொதியை மடித்து வைத்தேன்.

சாப்பாடு முடிந்ததும் திரையில் என் படம் வந்தது. என் தோப்பில், என் வாழை பக்கத்தில், நான் சிரிக்கிற படம். நான் அனுப்பிக் கொடுத்ததுதான். கீழே ஆங்கிலத்தில், மேற்கோள் குறி போட்டு இரண்டு வரி. எனக்கு ஆங்கிலம் பேச வராது. ஆனால் ஆய்வுக் காகிதங்களோடு மல்லுக்கட்டி மெல்ல வாசிக்க வரும். வாசித்தேன். "சான்றிதழைக் கம்பெனி பார்த்துக்கொள்கிறது. நான் என் மரங்களை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். நிம்மதியாக இருக்கிறேன்."

நான் சொன்னதாக. என் பெயரோடு.

என் காயில் பூச்சிமருந்து இருக்கிறதென்று ஒருவன் பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. மாட்டுக்கு வாழைத்தார் வெட்டிப் போட்டவள் வாயில் இந்த வரியை வைத்திருக்கிறார்கள். அதைக் காட்டி இன்னொருத்தியின் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள்.

மேடைக்குப் போனேன். நிரோஷன் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். நான் தமிழில் பேச, இயக்குநருக்கும் தில்ருக்‌ஷி அம்மாவுக்கும் அவர் சிங்களத்தில் சொல்ல வேண்டும்.

"இதுல போட்டிருக்கறத நான் சொல்லல," என்று ஆரம்பித்தேன். "எங்களுக்கும் முதல்ல கம்பெனி பேர்லதான் இருந்துச்சு. அவன் ஒரு பருவம் வாங்கல. காய் அத்தனையும் மாட்டுக்குப் போச்சு. இப்ப எங்க சங்கத்து பேர்ல இருக்கு. அதனாலதான் இங்க வந்து நிக்கிறேன். உங்களுக்கும் அப்படி வாங்க விதி இடம் கொடுக்குது. தெரிஞ்சு கையெழுத்துப் போட்டா அது உங்க இஷ்டம். தெரியாமப் போடாதீங்க."

பரமநாதன் அண்ணை முழித்துக்கொண்டார்.

நிரோஷன் சிரித்த முகத்தோடு சிங்களத்தில் பேசினார். நாலைந்து வரி. இயக்குநரும் சிரித்துக்கொண்டே கை தட்டினார். தில்ருக்‌ஷி அம்மா ஏதோ குறித்துக்கொண்டார். நான் பேசியதற்கு அவர்கள் ஏன் கை தட்டுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

யோகா எழுந்து நின்றாள்.

"தம்பி, அந்த அக்கா சொன்னது உதில்லை."

"யோகாக்கா, பிறகு கதைப்பம், இருங்கோ."

"இருக்க ஏலாது. அவ என்ன சொன்னவ, நீர் என்ன சொல்லுறீர்?"

கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலையில் அவள் இள வயதில் பல வருஷம் தைத்து, அங்கேயே சிங்களம் பழகியவள் என்று நிரோஷனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் முன் வரிசையைப் பார்த்துச் சிங்களத்தில் பேசத் தொடங்கினாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. பிறகுதான் எனக்கு அர்த்தம் சொன்னாள். நிரோஷன் சொன்னது: "ஆரம்பத்தில் கஷ்டப்பட்டார்களாம், கம்பெனியோடு சேர்ந்த பிறகு எல்லாம் நன்றாக இருக்கிறதாம், உங்களையும் சேரச் சொல்கிறார்." யோகா சொன்னது: "மிஸ், இந்த அம்மா அப்படிச் சொல்லவில்லை. சான்றிதழ் எங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்று சொல்கிறார். போன வருஷம் நீங்கள் வந்தபோது சான்றிதழ் எங்களுக்குத்தான் என்று நிரோஷன் எங்களுக்குச் சொன்னார். உங்களுக்கு என்ன சொன்னார்?"

தில்ருக்‌ஷி அம்மாவின் பேனா நின்றது. அவர் நிரோஷனைப் பார்த்தார். நிரோஷன் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, தேநீர் இடைவேளை என்றார்.

தேநீரோடு ஒப்பந்தமும் வந்தது. ஆங்கிலத்தில். கையெழுத்துப் போடுகிறவர்களின் கூடைகள் மட்டும்தான் இன்றைக்கு லொறியிலிருந்து இறங்கும் என்றும் ஒரு வார்த்தை வந்தது. யாரும் உரத்துச் சொல்லவில்லை. கீழே குளிர் அறைக்காரர் மேலே வந்து, பெயர்களைக் கேட்டுக்கொண்டு நின்றார். அது போதுமாக இருந்தது.

ஒவ்வொருவராகப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். பரமநாதன் அண்ணையும் போனார். திரும்பி வரும்போது என் முன்னால் நின்றார்.

"நீங்கள் சொன்னது சரி, தங்கச்சி. ஆனா என்ரை குலை நாளைக்கும் மரத்தில நிக்காது."

நான் கோபப்பட வேண்டிய ஆள் அவர் இல்லை. யோகாவும் வேறு சிலரும் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

நிரோஷனைப் படிக்கட்டில் பிடித்தேன். "என் வாயில ஏன் தம்பி பொய்ய வச்சீங்க?"

"மேடம், உங்களுக்கு இந்த நாடு விளங்காது. சங்கம் எண்டு தொடங்கினா இவங்களுக்கு ஆர் இன்ஸ்பெக்‌ஷன் செலவு குடுக்கிறது? ஆர் பேப்பர் எழுதுறது? கம்பெனி இல்லையெண்டா இவங்க இந்த லெவலுக்கு வந்திருக்கவே மாட்டாங்க."

"அதத் தமிழ்ல அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே. அவங்களும் யோசிச்சிருப்பாங்களே."

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மணி அடித்ததாக எனக்குக் கேட்கவில்லை.

மாலையில் தெருவில், கையெழுத்துப் போடாதவர்களின் கூடைகள் மட்டும் லொறியில் மிச்சம்; மற்றவர்கள் தங்களுடையதையும் யோகாவின் பொறுப்பில் விட்டுப் போயிருந்தார்கள். செல்வராஜ் அந்தப் பக்கம் சவாரி இறக்கிவிட்டு வந்தவர் எங்களைப் பார்த்து நிறுத்தினார். "இன்னைக்கும் எறக்கலையா?" என்று கேட்டுவிட்டு, வெள்ளவத்தையில் தெரிந்த பழக்காரர் இருக்கிறார், கேட்டுப் பார்க்கலாம் என்றார். லொறிக்கு முன்னால் அவர் வழிகாட்டிக்கொண்டு போக, நானும் யோகாவும் ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்து போனோம். வழியெல்லாம் நான் கம்பெனிக்காரர்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். செல்வராஜ் ஆமாம் ஆமாம் என்று ஒத்து ஊதினார்.

பழக்கடைக்காரர் ஒரு காயை ஒடித்துப் பார்த்தார். "நல்ல காய் தங்கச்சி. ஆனா இது ஹோட்டல்காரன் கேக்கிற சாமான். வீட்டுக்காரன் தொடமாட்டான். பழுக்கப்போட்டுப் பாக்கிறன், அரைவாசி இறக்குங்கோ." அவர் சொன்ன விலையைக் கேட்டு யோகா தலையை மட்டும் ஆட்டினாள். எங்கள் கொட்டகையில் பொறுக்கி ஒதுக்குகிற காய்க்கு நாங்கள் கேட்கிற விலைகூட அது இல்லை. மிச்சக் கூடைகளோடு லொறி வடக்கே திரும்பிப் போனது. யோகா கிருலப்பனையில் இருக்கிற ஒன்றுவிட்ட தங்கை வீட்டுக்குப் போனாள். நான் அறைக்கு வந்து, கொத்து ரொட்டி வாங்கிவைத்துச் சாப்பிடாமல் படுத்தேன்.

மறுநாள் காலை விடுதிக்காரர் கதவைத் தட்டி, என்னைப் பார்க்க ஒரு சிங்கள அம்மா வந்திருக்கிறார் என்றார். தில்ருக்‌ஷி. தனியாக, பஸ்ஸில் வந்திருந்தார். எனக்கு அவரிடம் பேச மொழி இல்லை. யோகாவுக்குப் போன் போட்டேன். அவள் கிருலப்பனையிலிருந்து வந்து சேரும்வரை நாங்கள் இருவரும் சைவக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து, வடையைத் தின்றுகொண்டு, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். எனக்கு அவர் மேலும் கோபம்தான். ஆனால் வடையை என் பக்கம் தள்ளித் தள்ளி வைத்தார்.

யோகா வந்ததும் சிரிப்பு நின்றது. தில்ருக்‌ஷி சொன்னதை அவள் தமிழில் சொன்னாள்.

"போன வருஷம் ஒவ்வொரு தோட்டத்திலயும் இவ கேட்டவவாம், 'சான்றிதழ் கம்பெனிக்குச் சொந்தம், அது உங்களுக்குச் சம்மதமோ' எண்டு. நிரோஷன் எங்களிட்டைக் கேட்டது, 'சான்றிதழ் வேணுமோ' எண்டு. நாங்கள் ஓம் எண்டனாங்கள். அவர் இவவுக்குச் சம்மதமாம் எண்டு சொல்லிப்போட்டார்."

"இவங்களுக்குத் தமிழ் தெரிஞ்ச ஆள் வேற யாருமா கிடைக்கல?" என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். "தமிழ் விவசாயிகிட்டக் கேள்வி கேக்கப் போறவங்க, வாங்கறவனோட ஆளையே வச்சா கேப்பாங்க?"

யோகா அதை அப்படியே சொன்னாள் என்று நினைக்கிறேன். தில்ருக்‌ஷி தலை குனிந்தபடி ஒரு சொல் சொன்னார்.

"பிழைதானாம்," என்றாள் யோகா.

பிறகு அவர் நிறையப் பேசினார். யோகா பாதியில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு அவரையே கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் என்னிடம் திரும்பினாள். குரல் மாறியிருந்தது.

"இவ அறிக்கை எழுதலாமாம், எங்களுக்குத் தெரியாமச் சம்மதம் வாங்கினது எண்டு. எழுதினா கம்பெனியின்ரை சான்றிதழை நிப்பாட்டி வைப்பினமாம். அப்பிடியெண்டா இந்தப் பருவம் ஒருத்தற்ரை காயும் போகாது. கையெழுத்துப் போட்டவையின்ரையும் போகாது. எங்கடை பேரில புதுசா விண்ணப்பிக்கலாமாம். அதுக்கு நாள் எடுக்குமாம். நான் சொன்னாத்தான் எழுதுவாவாம். என்ரை பேரையும் போட வேணுமாம்."

மறுநாள் விமானம் ஏறிப் போகிறவள் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது.

யோகா பரமநாதன் அண்ணைக்குப் போன் போட்டாள். அவர் ஊருக்குப் போகிற பஸ்ஸில் இருந்தார். ஒலிபெருக்கியில் இரைச்சலோடு அவர் குரல் வந்தது.

"உன்ரை கோவத்துக்கு எங்கடை தோட்டத்தைப் பலி குடுக்காதை, பிள்ளை. நான் கடன் பட்டு நிக்கிறன்."

"அண்ணை, அஞ்சு வருஷத்துக்குப் பிறகும் நீங்கள் இதைத்தான் சொல்லுவியள்."

"சொல்லுவன். ஆனா அஞ்சு வருஷம் சாப்பிட்டிருப்பன்."

இணைப்பு அறுந்தது. அவர் வைத்தாரா, பஸ் ஏதாவது காட்டுக்குள் போய்விட்டதா தெரியவில்லை. யோகா கடை வாசலில் போய் நின்றாள். காலி வீதியில் பள்ளிக்கூட வேன்களும் பஸ்களும் ஒன்றையொன்று முட்டுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன. அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. தில்ருக்‌ஷி தன் தேநீரைத் தொடவே இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்து, சிங்களத்தில் இரண்டே சொல் சொன்னாள். பிறகு எனக்காகத் தமிழில்: "எழுதட்டும்."

நான் ஊருக்கு வந்த பிறகு நடந்ததெல்லாம் போனில் கேட்டதுதான். அறிக்கை போனது. கம்பெனியின் சான்றிதழை நிறுத்திவைத்தார்கள். அந்தப் பருவத்துக் காய் தம்புள்ளைச் சந்தையில் கிடைத்த விலைக்குப் போனது. பரமநாதன் அண்ணை யோகாவோடு பேசுவதை நிறுத்தினார். கோயிலில் சிலர் அவளைக் கண்டதும் மறுபக்கம் திரும்பினார்களாம். நிரோஷன் அந்தக் கம்பெனியிலேயே இருக்கிறார். என் படத்தை எடுக்கச் சொல்லி நாலு தடவை எழுதினேன். பதில் இல்லை. அந்த இரண்டு வரி இன்னமும் எங்கேயோ ஒரு திரையில் என் பெயரைச் சொல்லிப் பொய் பேசிக்கொண்டிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் தோப்பில் மண்வெட்டியைக் கொஞ்சம் பலமாகத்தான் போடுகிறேன்.

யோகாவோடு கையெழுத்துப் போடாத சிலரும், போட்டு மனம் மாறிய சிலரும் சேர்ந்து சங்கம் பதிந்தார்கள். எங்கள் சங்கத்துக் கணக்குப்பிள்ளை வாராவாரம் போனில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். மருந்து அறை, தண்ணீர்ச் சோதனை, எல்லாம் மறுபடி முதலிலிருந்து. போன வாரம் ஆய்வு. முடிவு இன்னும் வரவில்லை. தவறியும் போகலாம், எங்களுக்கும் முதல் தடவை தவறியது.

ஆய்வு முடிந்த அன்று சாயங்காலம் யோகா கூப்பிட்டாள்.

"அக்கா, இந்தமுறை வந்தது தமிழ்ப் பிள்ளை. மட்டக்களப்பாம். கம்பெனி ஆள், வேற ஆள் ஒருத்தரும் இல்லை, அவவும் நானும்தான். நோட்டுக் கொப்பியைத் திறந்தவ. நான் கக்கூஸைக் கேப்பா, மருந்தைக் கேப்பா எண்டு எல்லாத்துக்கும் மறுமொழி பாடமாக்கி வைச்சிருந்தனான்."

"என்ன கேட்டாங்க முதல்ல?"

"பேர் கேட்டவ," என்றாள் யோகா. "என்ரை முழுப் பேர்."